ஒற்றைக் கயிறு

கடைசிக் கப்பியைத் திருகி முடித்த ஜெபமலர், எழுந்திருக்காமல் சுக்கான் பக்கத்துப் பலகையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பாயை ஏற்றிய கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் புதுக் கயிற்றை இழுத்தாள். தலைக்கு மேல் படபடத்த பாய் மூன்றில் ஒரு பங்கு இறங்கி, அடிக்கம்போடு படிந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படகு நின்றது தண்ணீரில் இல்லை. தென்காசியில், வீட்டு முற்றத்தில், டிரெய்லர் மேல். கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற அவள் புருஷன் எபனேசர் தன் கையாலேயே செய்தது. வடகரைப் பக்கம் குளம் நிரம்பியதும் இறக்குவதாகத் திட்டம். ஆனால் ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று லேசுப்பட்டதல்ல. பாயைச் சுருக்காவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். எப்படிச் சுருக்குவது என்பதில்தான் இருவருக்கும் ஒரு வருஷமாக மல்லுக்கட்டு.

ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் பாய்மரத்தடியில் நின்று பாயை இறக்கிக் கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரே கயிற்றில் இழுத்துவிடலாம் என்பது அவள் கட்சி. நெஞ்சுவலி வந்த மனுஷன் ஆடுகிற படகில் எழுந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

"நாலு கப்பி வச்சா நாலு எடத்துல சிக்கும். மரத்துக்கிட்ட நான் நிக்கேன்லா, உனக்கென்னட்டி?" என்பார். இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

இன்று காலை, ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி, "ஏட்டி, நீ சொன்னபடியே வச்சிருவோம். ஒத்தக் கயிறு" என்றார்.

"நெசமாவா சொல்லுதிய?"

"நெசமாத்தான். கிதிர் முகம்மது கடைல கப்பி கெடக்கும். போயி வாங்கிட்டு வா."

ஜெயித்த குஷியில் ஸ்கூட்டரை விரட்டினாள். "அண்ணாச்சி எப்படி எறங்கி வந்தாவ?" என்று சிரித்த கிதிர் முகம்மது, கூடவே வந்து பாய்மரத்தில் துளையும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியளா, சிக்கவே இல்ல" என்று இப்போது ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"மறுபடி ஏத்தி எறக்கு."

ஏற்றி இறக்கினாள்.

"இப்பம் கண்ண மூடிக்கிட்டு."

"கண்ண மூடிக்கிட்டா படகு ஓட்டப்போறேன்?"

"செய்யி ஜெபா."

கண்ணை மூடிக்கொண்டு தளர்த்தினாள், இழுத்தாள், கட்டினாள். ஒரு பிசகும் இல்லை. இந்த வயதில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல இருந்தது. பெருமைக்காக முழுப்பாயையும் மறுபடி ஏற்றிவிட்டு, "இப்பம் என்ன சொல்லுதிய?" என்று கேட்டாள். பதில் இல்லை. தோற்றதை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் கம்மென்று இருக்கிறார் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

அன்று மாலையே காற்று அடங்கிவிட்டதால் யாரும் பாயைக் கவனிக்கவில்லை. மறுநாள் சர்ச் ஐயர் ஜெபத்தை முடித்து, எபனேசர் கிடந்த பெட்டியைத் தூக்கும் நேரத்தில் காற்று திரும்ப வந்தது. பாய் விம்மிப் புடைத்தது. டிரெய்லரின் ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. பந்தலில் இருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள்.

"ஏலே, பிடிங்கலே" என்று யாரோ சத்தம் போட, கிதிர் முகம்மது ஓடிப்போய்ப் படகில் ஏறிப் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஜெபமலர் பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிப் படகில் ஏறி, தன் பலகையில் உட்கார்ந்தாள். தளர்த்தினாள், இழுத்தாள். பாய் சுருங்கியது. சக்கரம் தரைக்கு வந்தது.

"மைனி, நான் இங்கன எதப் பிடிக்கணும்?"

"ஒண்ணும் பிடிக்க வேண்டாம் தம்பி. அங்கன ஆளு வேண்டாம். ஒத்த ஆளு போதும்னுதான் அவிய..."

கிதிர் முகம்மது கையை எடுத்துவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டார். பெட்டியைத் தோளில் ஏற்றியவர்கள் வாசலில் அவளுக்காக நின்றார்கள். அவள் கயிற்றைக் கட்டி முடித்திருந்தாள். ஆனாலும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.