கம்பிச் சட்டையின் முதுகுவலி

மனிதகுலத்தின் முதுகுவலி புத்தளம் உப்பளத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் அடியோடு ஒழிந்துவிட்டதாகக் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் றொகான் ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒழியவில்லை. உப்புச் சுமக்கும் ஹாஜராவின் முதுகிலிருந்து கழன்று, பரிசோதனைக்காக அவளுக்கு மாட்டிவிட்ட கம்பிச் சட்டைக்குள் போயிருந்தது, அவ்வளவுதான். தோளிலிருந்து தொடைவரை வார்கள், நடுவில் வில்லுக்கம்பி, இடுப்பில் சின்ன மோட்டார். சுமை தூக்கும்போது முதுகைத் தாங்கிப்பிடிப்பது அதன் வேலை. மூன்றாவது கூடையில் ஹாஜராவின் இடுப்பு லேசானது, சட்டை முனகத் தொடங்கியது. மத்தியானம் அது தானாகக் கழன்று, வரம்பில் குந்தி, அவளுடைய குரலிலேயே "உம்மா" என்று தாயைக் கூப்பிட்டது.

அந்த நோவு உப்பளத்தில் புதினச் செய்தியல்ல. பாத்தியில் வழித்த ஈர உப்பைத் தலையில் ஏற்றி, வரம்பேறி, குவியலில் கொட்டுகிற எல்லாருக்கும் அது உண்டு. கொட்டில் நிழலில் சாக்குத் தைக்கிற வேலையையாவது தாருங்கள் என்று ஹாஜரா வருஷா வருஷம் மனேஜர் ஸலாஹுதீனிடம் கேட்டாள். தன்னை 'சேர்' என்றே அழைக்க வேண்டும் என்று தன் கந்தோர் அறை வாசலில் எழுதிப் போட்டிருந்த அந்த மனிதர், முதுகென்றால் நோகத்தான் செய்யும் என்று அனுப்பிவிடுவார்.

சட்டைக்கு நொந்தபோது கதை வேறு. டாக்டர் ஓடி வந்தார். ஓய்வு கட்டாயம் என்றார். சாக்குத் தைக்கிற இடத்தை ஒதுக்கி, மெத்தை போட்ட கதிரையில் அதை இருத்தி, மேலே காத்தாடியும் பூட்டினார்கள். ஸலாஹுதீன் தன் கையாலேயே எண்ணெய் தடவினார். அப்படியும் முனகல் நிற்காததால், விலையுயர்ந்த சாமான் பழுதாகிவிடும், நோவை நீயே திருப்பி எடுத்துக்கொள் என்று ஹாஜராவைக் கூப்பிட்டார்கள். தொழிலாளியின் நோவு தொழிலாளிக்கே சொந்தம் என்று றொகான் மிக மரியாதையாக விளக்கினார்.

"நான் உடுக்க மாட்டேன்," என்றாள் ஹாஜரா. "எண்ட முதுகு நொந்த நேரம் ஒரு கிடுகு நிழல் தரல்ல. இந்தக் கம்பிக்குக் காத்தாடியா, நானா?"

"நானா எண்டு அண்ணன் முறை கொண்டாடாத, சேர் எண்டு சொல்லு," என்றார் ஸலாஹுதீன். "அதுக்கு நோகுறதெல்லாம் நடிப்பு. ஒன்னப் பாத்துத்தான் பழகிருக்கு."

"நடிப்பெண்டா நீங்களே போட்டுப் பாருங்கோவன்."

பரிசோதனையைப் பார்க்க வந்திருந்த பெரிய மனிதர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் போட்டார். சட்டை ஒரு பெருமூச்சு விட்டது. ஹாஜராவின் அத்தனை வருஷ நோவும் ஒரேயடியாக இடுப்பில் இறங்க, ஸலாஹுதீன் உலக்கைபோல விறைத்து நின்றார். நோவை அவரிடமே விட்டுக் குணமான சட்டையை அன்றே கொழும்புக்கு ஏற்றிப்போனார்கள். பரிசோதனை முழு வெற்றி என்று அறிக்கையும் வந்தது.

கதிரை காலியானது. ஹாஜரா யாரையும் கேட்காமல் அதில் ஏறி இருந்து சாக்குத் தைக்கத் தொடங்கினாள். இப்போது இடுப்பு நொந்த பெண்கள் முறைவைத்து அவளோடு வந்து இருக்கிறார்கள். கொட்டிலின் வாசல் தாழ்வானது. குனியாமல் உள்ளே போய் அவர்களை எழுப்ப மனேஜரால் முடியாது. வெளியே நின்று கத்துகிறார், காத்தாடிச் சத்தத்தில் கேட்பதில்லை. உப்பளத்தில் இதை இப்போது யாரும் புதினமாகப் பேசுவதில்லை. இப்போதைய புதினம், குனிய முடியாத மனேஜருக்கு இடுப்பில் சாரம் உடுத்திவிடுவது அவருடைய மாமியார் என்பதுதான்.