தேன் குரல்

இது எனக்கு நாலாவது வளர்ப்பு வீடு. முந்தைய மூன்றிலும் ஒரே கதைதான். என்னை அனுப்பப் போகிற அன்றைக்கு வீட்டுக்காரர்களின் குரல் தேனாகிவிடும். "வாம்மா, உட்காரு" என்பார்கள். ஐஸ்கிரீம் வரும். பின்னாலேயே என்னைத் திரும்பக் காப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டு போகக் கார் வரும். அந்தப் பாழாய்ப்போன ஐஸ்கிரீமை நான் இப்போது தொடுவதே இல்லை. யாராவது அன்பாகப் பேசினாலே என் கண் பையைத் தேடுகிறது.

இந்த வீட்டு அத்தை தையல்காரி. அவர் கடைக்குப் போயிருந்தபோது, என் பையின் அறுந்த வாரைத் தைக்க மெஷினில் உட்கார்ந்தேன். எந்த நேரமும் கிளம்பப் பை தயாராக இருக்க வேண்டாமா? வாருக்குள் ஊசி படக்கென்று ஒடிந்தது. சக்கரமும் இறுகிக்கொண்டது. இந்த வீட்டுக்குச் சோறு போடுகிற மெஷின்!

அத்தை வந்தார், பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாம்மா, உட்காரு."

வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். அத்தை என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி ஏறலையே?"

"இல்ல அத்தை."

அவ்வளவுதான், வெடித்தார்.

"அறிவிருக்கா உனக்கு? விரல் போயிருந்தா? இவ்வளவு தடி வாருக்கு இந்த ஊசியையா போடுவாங்க? நாளைக்குத் துணி குடுக்கணும், இப்ப நான் என்ன பண்றது? இனிமே என்னைக் கேக்காம இதுல கை வெச்சே, தொலைச்சிடுவேன்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் திட்டத் திட்ட என் காது வாசலை விட்டுத் திரும்பியது. இதுவரை எந்த வீட்டிலும் யாரும் என்னிடம் 'இனிமே' என்று சொன்னதில்லை.