எனக்கு வந்த மூன்று கடிதங்கள்

பதினாறு வயதில்தான் கண்ணை அளக்கும் அந்தக் கருவியில் முதன்முதலாக மோவாயை வைத்தேன். அம்மாவுக்குக் கருவிழிப் படலம் மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய். அவளுக்கு இருபத்தாறு வயதிலேயே, இறந்துபோன யாரோ ஒருவரின் படலத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்று, ஆக்லாந்தின் மாங்கெரே பகுதியில் எங்கள் தேவாலயக் கூடத்துக்கே கருவியைக் கொண்டுவந்து குடும்பம் குடும்பமாக அளந்தார்கள்.

"சிமிட்டாதம்மா, ரெண்டே செகண்ட்," என்றாள் அளந்த பெண். நீல ஒளி ஒரு சுற்றுச் சுற்றியது. "டாக்டர் பாத்துட்டு லெட்டர் போடுவாங்க."

கடிதம் வரவில்லை.

"வரலேன்னா ஒண்ணுமில்லேன்னுதான் அர்த்தம், லுபே," என்றாள் அம்மா. நம்பினேன்.

மூன்று வருடம் கழித்து, விமான நிலையச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கார் ஓட்டும் உரிமம் எடுக்கப் போனேன். வலக்கண்ணால் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் வால் முளைத்திருந்தது. கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள்.

மருத்துவமனையில் அதே கருவி. டாக்டரம்மா பழைய அளவையும் புதியதையும் அருகருகே திறந்து வைத்தார். வலக்கண் படலத்தின் கனம் அன்று நானூற்று எழுபது மைக்ரான். இப்போது முந்நூற்று அறுபது.

"அப்பவே ஆரம்பம் தெரிஞ்சுது. மருந்து விட்டு அரை மணி நேரம் புற ஊதா ஒளி காட்டியிருந்தா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூணு லெட்டர் போட்டோமே?"

"எனக்கு ஒண்ணும் வரலியே."

அவர் திரையைத் தள்ளிப் பார்த்தார். "ஃபோனும் பண்ணியிருக்காங்க. நீ டோங்காவுக்கே திரும்பிப் போயிட்டேன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்க."

நான் பிறந்ததே ஆக்லாந்தில். அம்மா அப்பாவின் சொந்த நாடான டோங்காவில் காலே வைத்ததில்லை.

வீட்டில் அம்மா சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"லெட்டரெல்லாம் எங்கம்மா?"

எந்த லெட்டர் என்று அவள் கேட்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய், கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த மரப்பட்டைத் துணிக்குள்ளிருந்து எடுத்துவந்தாள். மூன்றும் பிரிக்கப்பட்டிருந்தன.

"உங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்துட்டேன்," என்றாள்.

கலோலைனே அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அத்தை சொன்னதற்கு அப்பாவே மறுபேச்சுப் பேசமாட்டார். சின்ன வயதில் சுண்ணாம்பு தெறித்துத் தன் கண் போனதாக அம்மா கல்யாணத்துக்கு முன்பே அத்தையிடம் சொல்லியிருந்தாளாம்.

"உனக்கும் இருக்குன்னா என் ரத்தத்துல வந்ததுன்னு ஆயிடும். பொய் சொல்லித் தம்பியைக் கட்டிக்கிட்டான்னு சபை முழுக்கச் சொல்லுவா."

"அதுக்கு என் கண்ணா கிடைச்சுது?"

"தினமும் ஜெபம் பண்ணினேன், லுபே."

"ஜெபம் பண்ணினவ ஃபோன்ல ஏம்மா பொய் சொன்னே?"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்தக் கண்ணால் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நேரே அத்தை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அத்தை வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"சுண்ணாம்பா? அவ அண்ணனுக்கும் அதே கண்ணுதானே! கல்யாணத்தன்னைக்கே எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அத்தை என்கிட்ட சொல்லலே?"

"உங்கம்மா பாத்துப்பான்னு இருந்துட்டேன். அவளா சொல்லாத விஷயத்தை நான் எப்படிக் கேக்கறது?"

அத்தை தேநீர் குடிக்கச் சொன்னாள். நான் உட்காராமலே திரும்பினேன்.

மறுவாரம் தங்கை சேலாவை நானே கூட்டிப்போய் அளக்க வைத்தேன். அவள் படலம் இன்னும் சமமாகத்தான் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். என் இடக்கண்ணில் அப்போதுதான் தொடங்கியிருந்த நோயை ஒளி காட்டி நிறுத்தினார்கள். வலக்கண் மாற்றுப் படலத்துக்குக் காத்திருக்கிறது.

சிகிச்சையன்று அம்மாவும் வந்து நடைவழியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு சொட்டு மருந்தைக் கையில் எடுத்தாள்.

"சேலா, நீ வந்து மருந்தை விடு," என்றேன்.

அம்மா புட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.