மிதிக்கட்டைக்குக் கீழே

கக்கூசில் ஊற்றிய தண்ணீர் போகாமல் திரும்பி மேலே வந்த அன்றைக்குத்தான் என் மகள் உண்ணாமலை தலைப்பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். எட்டாம் மாதம். "எங்க வீட்டுல கக்கூசு கீது, எம் பொண்ணு ஏரிக்கரைக்கு நடக்க வேணாம்" என்று தேவிகாபுரத்து சம்பந்தியிடம் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமில்லை. அதை நம்பித்தான் சீக்கிரமே அனுப்பி வைத்தார்கள். என் வாய்க்கு இது வேண்டும்.

கக்கூசுத் தொட்டி சுத்தம் செய்கிற ஆள் வந்து எட்டிப் பார்த்தார்.

"ரொம்பிப்போச்சும்மா. மூடி எங்க கீதுன்னு காட்டுங்க, ஆளுங்கள இட்டாறேன். மூடி தெரியாம நானு இன்னா பண்றது?"

மூடி எங்கே என்று எனக்கு என்ன தெரியும்? எட்டு வருஷத்துக்கு முன்னால் யோவான் வாத்தியாரிடம் வாங்கிய வீடு. என் வீட்டுக்காரர் தசரதன் தறியை விட்டு எழுந்திருக்காமலே, "கொல்லையிலதான் இருக்கும், தோண்டிப் பாரு" என்றார். மூன்று நாள் தோண்டினேன். கனகாம்பரப் பாத்தி போயிற்று, உள்ளங்கை கொப்புளித்தது, கிடைத்தது ஓர் உடைந்த அம்மி. மனிதர் ஒரு கை கொடுக்கவில்லை. முகூர்த்தப் புடவையாம், அவசரமாம். ஒரு பாவு, அதாவது நெடுக்கு நூல், தறியில் ஏறினால் அதில் மூன்று புடவை. மூன்றும் முடிகிறவரை பாவை அறுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மூன்றாவதாக ஒரு கல்யாணப் பெண்ணின் கூரைப்புடவை ஓடிக்கொண்டிருந்தது. அதை நடுவில் அறுப்பது தாலியையே அறுப்பதாக எங்கள் தெருவில் பேசுவார்கள்.

விடியற்காலையில் உண்ணாமலை வயிற்றைத் தாங்கிக்கொண்டு டப்பாவோடு ஏரிக்கரை முள்ளுச்செடிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போய்க் காவல் நின்றேன். விடிந்துவிட்டால் சேவூர் பஸ் வரும், சைக்கிள் வரும், எதிர்ச்சாரியில் வீடுகள். அப்புறம் பொழுது சாய்கிறவரை அவள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாம் நாள் செய்யாறுக்கு பஸ் ஏறினேன். வாத்தியார் அங்கே மகன் வீட்டில் இருந்தார்.

"கெணத்தடியிலருந்து கெழக்கால நடந்தா ஏழாவது எட்டும்மா. பெரிய கல்லு, ரெண்டு இரும்பு வளையம் போட்டிருக்கும். வீட்ட ஒப்படைச்ச அன்னிக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட காமிச்சேனே?"

எட்டு வருஷமாயிற்று, மறந்திருப்பார் என்று பஸ்ஸில் வரும்போது நானே அவருக்காக வாதாடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் நின்று எண்ணினேன். நாலாவது எட்டில் சுவர் வந்தது. நாங்கள் வந்த பிறகு பின்பக்கத்தை நீட்டிக் கட்டிய தறிக்கூடம். வாசல் வழியாக உள்ளே போய் மிச்சத்தை எண்ணினேன். ஏழாவது எட்டு தறிக்குழிக்குக் கொண்டுபோய் விட்டது.

அவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். மிதிக்கட்டைகளுக்குக் கீழே தரையாக ஒரே கல். அதில் அறுத்தெடுத்த இரும்பின் தடம் இரண்டு, மேலே சிமெண்டுப் பூச்சு. தினமும் காலையில் இந்தக் குழிக்குத்தான் சாம்பிராணி போடுவார். தொழில் பக்தி என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

குறுக்கு இழை ஓட்டுகிற நாடா நின்றது. "வேற எங்க குழி வெட்றது? பாவு நீளத்துக்கு இந்த மூலதான் தோது."

"மூணு நாளா மண்ணு வாரிகினு இருந்தேனே, பாத்துகினுதானே இருந்தீங்க?"

"சொல்லி? பீத்தொட்டி மேல குந்திகினு நெய்ஞ்ச கூரப்பொடவைய எவ கட்டுவா? நமக்கு எந்த மொதலாளி நெய்ய பாவு குடுப்பான்?" குரல் தாழ்ந்தது. "பத்து நாளு பொறுத்துக்கோ ரேணுகா. பொடவைய எறக்கிட்டு நானே தோண்டறேன்."

காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. விஷயம் வெளியே போனால் நாங்கள் இந்தத் தெருவில் பிழைக்க முடியாது. தெருவையே அதட்டுகிற ரேணுகாம்பாள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

உண்ணாமலை நடையில் உட்கார்ந்து நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாத்தியார் இன்னாமா சொன்னாரு?"

"அவருக்கு நெனப்பு இல்லியாம்" என்றேன். பெற்ற பெண்ணிடம்தான் சொன்னேன்.

"சரிம்மா" என்றாள். மறுபடி நூலைச் சுற்றினாள்.

மத்தியானம் சோறு போட்டேன். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். காலையில் வைத்த சொம்புத் தண்ணீர் வைத்தபடியே இருந்தது. உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது.

"ஏண்டி தண்ணி குடிக்கல?"

"வேணாம்மா. குடிச்சா போவணும். பொழுது சாயட்டும்."

"எத்தினி நாளா இப்டி?"

"வந்ததுலருந்துதான். பழகிப்போச்சி."

எழுந்து தறிக்கூடத்துக்குப் போனேன். ஓரம் நறுக்குகிற கத்தி தறிக்காலில் செருகியிருந்தது.

அவர் நிமிர்ந்தார். "ஏய், இன்னா பண்ற? இன்னும் ஆறு மொழந்தான் கீது..."

"கால வெளிய எடுங்க."

"ரேணுகா, ஓடற பாவும்மா அது. கல்யாணப் பொண்ணு பாவம் சும்மா வுடாது."

"எம் பொண்ணு பாவம்?"

கத்தியைப் பாவில் வைத்து இழுத்தேன். பட்டு லேசில் அறுபடாது, கொத்துக் கொத்தாகத்தான் விட்டது. பயமாகத்தான் இருந்தது. அவர் தடுக்கவில்லை. பாதி அறுபட்டதும் குழியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய்க் குந்தினார்.

"தெருவுல கேட்டா இன்னா சொல்றது?" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது."

நிஜமாகவே தெரியவில்லை. நாளைக்கு யாராவது பாவு கொடுப்பார்களா என்றும் தெரியவில்லை. மிதிக்கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கடப்பாரையோடு குழிக்குள் இறங்கினேன். முதல் குத்திலேயே கல் தொம்மென்று அதிர்ந்தது.

சத்தம் கேட்டு உண்ணாமலை வாசற்படியில் வந்து நின்றாள். அறுந்து தொங்குகிற பாவைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், அவள் நைனாவைப் பார்த்தாள். கையில் அந்தச் சொம்பு இருந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, மூச்சுவிடாமல் மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள்.

"இன்னொரு சொம்பு மோந்து குடி" என்றேன்.