நாற்பத்தொரு சவங்கள்

சண்முகலிங்கம் அண்ணையின் விமர்சனம் வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டென்மார்க்கின் ரண்டர்ஸிலிருந்து நான் நடத்தும் சஞ்சிகைக்கு இருபது வருடமாக எழுதுபவர். அவர் விமர்சித்த நாவலின் ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் ஓல்போர்க்கில் எஞ்சினியர். ஊர் திருநெல்வேலி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அல்ல, தமிழ்நாட்டின் தெற்கே இருப்பது. கல்யாண வீட்டில் சமையல்காரன் ஓடிப்போகிற கதையை ஊர்ப் பேச்சிலேயே சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். முதல் நாவல். டென்மார்க்கில் அதற்கு வரப்போவது இந்த ஒரு விமர்சனம்தான்.

பிரித்து வாசித்தேன். 'இந்த நாவலில் நாற்பத்தொரு இடத்தில் சவம் வருகிறது. ஒரு செத்தவீடுகூட இல்லை. இறந்தவர்களை வைத்துக் கூத்தாடும் எழுத்து இது' என்று மூன்று பக்கம் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். கடைசிப் பந்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'என் தம்பி போரின் கடைசி மாதத்தில் காணாமல் போனான். இன்றுவரை நான் அவனுக்குக் கொள்ளி வைக்கவில்லை. ஒரு உடலைத் தேடியவன் இந்தச் சொல்லை விளையாட்டுக்கு எடுக்கமாட்டான்.' இத்தனை வருடத்தில் தம்பியைப் பற்றி அவர் எழுதியதும் இல்லை, கதைத்ததும் இல்லை.

கோபத்தோடுதான் நானும் நாவலை எடுத்தேன். அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஒருவன் தன் சைக்கிளைச் சவம் என்கிறான். சைக்கிள் எப்படிச் சாகும்? கோபாலகிருஷ்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அது சும்மா திட்டுறது, அக்கா," என்றார். "பேனா எழுதலேன்னாகூட சவம்னுதான் சொல்லுவோம். எங்கம்மா என்னையே அப்படித்தான் கூப்பிடுவாங்க. 'சவத்த விடு'ன்னா, போனாப் போகுதுன்னு அர்த்தம்." பிறகு மெல்லக் கேட்டார். "விமர்சனம் வந்திருச்சாக்கா?"

இன்னும் இல்லை என்று பொய் சொன்னேன்.

விமர்சனமாகப் பார்த்தால் அது தேறாது. ஒரு சொல்லைப் பிழையாகப் பிடித்து மூன்று பக்கமும் கவிழ்ந்துவிட்டது. அச்சிட்டால் கோபாலகிருஷ்ணனின் பெயர் கெடும். நிறுத்தினால் தம்பியைப் பற்றிய பந்தியும் குப்பைக்குப் போகும். அதைவிட உண்மையான ஒன்று எங்கள் சஞ்சிகையில் வந்ததே இல்லை. இரண்டு நாள் யோசித்துத் தலையிடி வந்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு அண்ணை இருக்கும் ஸ்கீவவுக்குப் போனேன்.

அண்ணை தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சைக்கிளைச் சொன்னேன், பேனாவைச் சொன்னேன், அந்தத் தாயைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் பிழை விட்டிட்டன்," என்றார்.

"ஓம் அண்ணை."

"கிழிச்சுப் போடு. அந்தப் பொடியனுக்கு நானே திருப்பி எழுதித் தாறன்."

"கடைசிப் பந்தியை மட்டும் தனியாப் போடுவம்."

"அது விமர்சனம் இல்லை, சாரங்கி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மேசையில் கிடந்த நாவலை எடுத்து, தான் கோடு போட்டு வைத்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"இதில 'சவத்தை விடு' எண்டு அடிக்கடி வருது. அதுக்கென்ன கருத்து?"

"போனால் போகட்டும் எண்டு."

அண்ணை அந்த வரியைத் தனக்குள் ஒருமுறை வாசித்தார். புத்தகத்தை மூடினார்.

"விடுறதுக்கு எனக்கொரு சவம் தரேல்லையே, பிள்ளை."