எட்டாம் பக்கத்தில் ஒரு கை

எங்கள் கிளப்பின் பயிற்றுநர் குழுவைப் பற்றி வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு பக்கம். எட்டாம் பக்கத்தில் நானும் இருக்கிறேன். முகம் வரவில்லை, கை மட்டும் வந்திருக்கிறது. மழையில் காளிதாசன் கோச்சுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிற கை. என் மனைவி புஷ்பவள்ளி பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "ஒங்க வாட்ச்சு" என்றாள்.

கிளப்பின் பெயர் உத்தாரா ஹார்பர். சம்பளம் கொடுத்துக் கால்பந்து ஆடவைக்கிற கிளப். அங்கே நான் ஜெர்சி பார்க்கிறவன். துவைப்பது, காயப்போடுவது, மடித்துப் பெட்டியில் வைப்பது, பூட்ஸுக்கு ஆணி இறுக்குவது. ஆறு வருஷமாக இதுதான். பெயர் குணாளன், புத்தகத்தில் தேட வேண்டாம்.

அதில் எழுதியிருப்பது எதையும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். சில விவரங்கள் விட்டுப்போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

தலைமைப் பயிற்சியாளர் காளிதாசன், 'அனைத்துலக அனுபவம் மிக்கவர்.' வாஸ்தவம். ஒன்பது வருஷம் டிவியில் உட்கார்ந்து அனைத்துலக ஆட்டங்களைப் பார்த்துப் பேசியவர். எங்கள் முதலாளி டத்தோ அந்தப் பேச்சில் மயங்கித்தான் கோலாலம்பூரிலிருந்து கையோடு கூட்டி வந்தார். டத்தோ என்பது பட்டம், தொழில் லாரி கம்பெனி. நன்றாகப் பேசுகிறவன் நன்றாக ஓட்டுவான் என்று நம்பி அவர் ஒரு டிரைவரைக்கூட வேலைக்கு எடுத்ததில்லை. பந்து என்று வந்தால் மட்டும் எடுப்பார்.

கோல்கீப்பர் பயிற்சியாளர் முருகையா, 'மாநில ஆட்டக்காரர்.' அவர் மாநிலத்துக்கு ஆடியது வாலிபால். பந்தைப் பிடித்தால் தப்பு என்கிற விளையாட்டு. எங்கள் கீப்பர்கள் இரண்டு பேரும் இப்போது பந்தைப் பிடிப்பதே இல்லை, அழகாகத் தட்டிவிடுகிறார்கள். உடற்பயிற்சி நிபுணர் ரஃபி, கிளப்புக்குச் சாப்பாடு போடுகிற நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரரின் மருமகன். மாமனார் மத்தியானம் ஏற்றுகிற கொழுப்பை மருமகன் சாயங்காலம் இறக்குகிறார். குடும்பத் தொழில், நான் என்ன சொல்ல?

வீடியோ ஆய்வாளர் ஃபாத்தின் முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள். பழக்கதோஷம், எதிரணி கோல் போடுகிற காட்சியெல்லாம் மெதுவாக ஓடும், பின்னால் புல்லாங்குழல் கேட்கும். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

இனி என் கதை. பெண்டாங் பக்கம் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். பிறகு மாவட்டப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். இப்படிப் போன பதினோரு வருஷத்தில் படிப்படியாகப் பரீட்சை எழுதிப் பயிற்சியாளருக்கான ஏ லைசன்ஸ் வாங்கினேன். வருஷா வருஷம் வகுப்புக்குப் போய் அதை உயிரோடு வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உதவிக் கோச் வேலைக்கு மனுப் போட்டபோது டத்தோ முதுகில் தட்டினார். "சாபார் லா குணாளா, கொஞ்சம் பொறு. எடம் காலியாவும். அதுவரைக்கும் ஜெர்சியப் பாத்துக்க." அதற்குப் பிறகு மூன்று பேர் உதவிக் கோச்சாக வந்து போய்விட்டார்கள். இடம் மட்டும் காலியாகவே இல்லை.

ஒருநாளாவது யாராவது என்னைக் கோச் என்று சொல்ல வேண்டும். விளையாட்டுக்கு இல்லை, வேலைக்காக. நாற்பத்தேழு வயதில் இப்படி ஓர் ஆசை வெட்கக்கேடுதான். ஆனாலும் ஆசை ஆசைதானே.

இந்த வருஷ ஆட்டங்கள் முடிய நான்கு வாரம் இருக்கும்போது லீக் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தலைமைப் பயிற்சியாளரின் ஏ லைசன்ஸ் மூன்று வருஷத்துக்கு முன்பே காலாவதி. புது லைசன்ஸ் காட்டும்வரை ஆட்டத்தின்போது அவர் மைதானக் கோட்டோரம் நிற்கக்கூடாது. வேறு ஆள் பெயரைப் பதிய வேண்டும். காளிதாசன் டிவியில் பேசிக்கொண்டிருந்த மும்முரத்தில் வகுப்புக்குப் போக மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஆபீஸில் எல்லோருடைய கோப்புகளையும் புரட்டினார்கள். ஏ லைசன்ஸ் ஒரே கோப்பில்தான் இருந்தது. அது துணி துவைக்கிறவனுடைய கோப்பு.

டத்தோ கூப்பிட்டார். "ஒம்பேர மட்டும் போட்டுக்கிறோம் லா. நீ சும்மா கோட்டுக்கிட்ட நிக்கணும். கையக் கட்டிக்க. அப்பப்பச் சத்தம் போடு."

"என்னா சத்தம் டத்தோ?"

"ஏதாச்சும். ஏறு, எறங்குன்னு. காளி மேல கேலரிலேருந்து ஃபாத்தினுக்குப் போன்ல சொல்லுவாரு. அவ ஒன்கிட்டச் சொல்லுவா."

"அப்ப ஜெர்சி?"

"அதையும் பாத்துக்க. அது வேற கெர்ஜா, இது வேற கெர்ஜா."

இரண்டு வேலைக்கும் ஒரே சம்பளம் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போட்டுக்கொள்ள ஒரு கோட்டு கொடுத்தார்கள். காளிதாசனுடையது. கை நீளம் விரல்வரை வந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்களே, அவன்தான் நான். என்ன, இந்தச் சப்பாணிக்குக் கோட்டு உண்டு.

முதல் ஆட்டத்தில் ஏறு, இறங்கு என்று கத்தினேன். ஜெயித்தோம். 'காளிதாசனின் வியூகம் வென்றது' என்று பத்திரிகையில் போட்டார்கள். அடுத்த ஆட்டத்தில் அதே ஏறு, அதே இறங்கு. தோற்றோம். 'குணாளன் திணறல்' என்று போட்டார்கள். புஷ்பவள்ளி அந்தப் பத்திரிகையை வாங்கிக் கருவாடு சுற்றி வைத்தாள்.

மூன்றாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஜெயித்தால் இந்தப் பிரிவில் தங்கலாம், இல்லையென்றால் அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவு. முதல் பாதி முடிந்தபோது ஒன்றுக்குப் பூஜ்யம், பின்தங்கியிருந்தோம்.

இடைவேளையில் ஆட்டக்காரர்கள் ஜெர்சி மாற்றுவார்கள். முருகையா கீப்பருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், ரஃபி பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமைப் பயிற்சியாளராகிய நான் குனிந்து ஜெர்சி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கேவலமாகத் தெரியலாம். ஆனால் ஆறு வருஷம் துணி துவைத்தவனுக்கு ஓர் அறிவு உண்டு. யார் ஓடினான், யார் ஓடுகிற மாதிரி கையை ஆட்டினான் என்று ஜெர்சி சொல்லிவிடும். நடு ஆட்டக்காரனுடையதைப் பிழிந்தால் கால் வாளித் தண்ணீர் வரும். ஒன்பதாம் எண் ஜெர்சியை எடுத்தேன். கழுத்துப்பட்டைகூட நனையவில்லை. நான் ஊற்றிய சாஃப்ட்னர் வாசம் அப்படியே இருந்தது. நாற்பத்தைந்து நிமிஷம் ஆடிய ஜெர்சி.

ஒன்பதாம் எண் என்பவன் டத்தோ மனைவியின் தம்பி. புத்தகத்தின் அட்டையில் இருக்கிறவன். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் புவனேசன் இருந்தான். செர்டாங் பக்கம் செம்பனைத் தோட்டத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவன். பயிற்சியில் அவன் போட்ட ஜெர்சியை மட்டும் நான் இரண்டு தடவை அலச வேண்டும். இந்த வருஷம் அவன் மொத்தமாக ஆடியது பதினோரு நிமிஷம்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷத்தில் ஃபாத்தின் காதில் கைவைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அண்ணே, கோச் சொல்றாரு, நம்பர் சிக்ஸ எடுத்துட்டு முருகையாண்ணன் சொல்ற ஆளப் போடணுமாம். நைன் மேல கைவைக்கக் கூடாதாம். டத்தோ பக்கத்துலயே இருக்காராம்."

ஆறாம் எண் அந்தக் கால் வாளிக்காரன். கோட்டுக் கையை முழங்கைவரை மடித்துவிட்டேன். இந்த வேலை போனால் புஷ்பவள்ளியின் தொழிற்சாலைச் சம்பளம் மட்டும்தான். ஆனால் இன்றைக்கு இல்லையென்றால் இனி என்றைக்கு?

"ஃபாத்தின், நைன எடுக்கப்போறேன். புவனேசனப் போடப்போறேன். அவருகிட்டச் சொல்லிடு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். பிறகு பட்டனை அழுத்தி அணைத்தாள். "லைன் கட்டாயிடுச்சிண்ணே" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கல்யாண வீட்டில் எத்தனை சண்டையைப் படம் பிடித்திருப்பாள்.

ஆள் மாற்றுகிற பலகையில் ஒன்பது என்று சிவப்பாக ஏறியது. அவன் அது தன் எண்தானா என்று இரண்டு முறை பார்த்தான். பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வந்தான். எங்கள் முன்னால் நின்று ஜெர்சியைக் கழற்றி என் முகத்தின்மேல் எறிந்தான்.

"ஒன் வேல இதான? இந்தா, தொவைச்சி வை."

நான் ஜெர்சியை முகத்திலிருந்து எடுத்தேன், கழுத்துப்பட்டையைத் தடவிப் பார்த்தேன். இரண்டாவது ஜெர்சியும் அதே லட்சணம்.

"தம்பி, இது அழுக்கே ஆவலயே" என்றேன்.

ரஃபி பேரீச்சம்பழ டப்பாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

புவனேசன் ஓடினான். வேறு பெரிய வித்தை எதுவும் இல்லை, ஓடினான். ஓடுகிறவனைத் துரத்த எதிரணியில் இரண்டு பேர் வந்தார்கள், அந்த இடம் காலியாயிற்று. அங்கே நின்றது ஆறாம் எண். எழுபத்தொன்றில் அவன் ஒன்று போட்டான். எண்பத்தாறில் புவனேசனே நெஞ்சால் தள்ளிக்கொண்டுபோய் ஒன்று போட்டான். நெஞ்சா வயிறா என்பதில் இன்றும் தகராறு உண்டு. இரண்டுக்கு ஒன்று. அவன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு காதில் கத்தினான். சத்தத்தில் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கோச் என்றுதான் சொல்லியிருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் முன்னால் காளிதாசன் போய் உட்கார்ந்தார். இடைவேளையிலேயே தாம் திட்டமிட்ட மாற்றம் அது என்று இருபது நிமிஷம் விளக்கினார். பேச்சு அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? நான் இருபத்து மூன்று ஜெர்சியை எண்ணி மூட்டை கட்டி, மறுநாள் துவைக்கலாம் என்று வண்டியில் போட்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கிளப்பின் டிரைவர் வந்து ஓர் உறை கொடுத்தான். மலாயில் நல்ல தாளில் அடித்த கடிதம். நிர்வாகத்தின் உத்தரவை மீறி ஆட்டக்காரரை மாற்றியதற்காக, துவான் குணாளன் அவர்கள் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து உடனடியாக நீக்கப்படுகிறார். தலைமைப் பயிற்சியாளராக அவர் ஆற்றிய சேவைக்கு நன்றி. கீழே கிளப் முத்திரை, டத்தோ கையெழுத்து.

தலைமைப் பயிற்சியாளர் என்று இரண்டு இடத்தில் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை போனதற்கு அழுகிறேன் என்று புஷ்பவள்ளி நினைத்துக்கொண்டாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள்.

"ஆறு வருஷம் தொவைச்சதுக்கு ஒரு கடுதாசி கெடையாது" என்றாள். "மூணு நாளு கோச்சா நின்னதுக்கு முத்திரையோட குடுத்திருக்கானுங்க. அழுவாதீங்க, ஒங்களுக்கு இது லாபந்தான்."

சாமி படத்துக்குப் பக்கத்தில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. அவளே அதைக் கழற்றி, சட்டத்திலிருந்து எங்களை எடுத்துவிட்டு, கடிதத்தை உள்ளே வைத்து மாட்டினாள். நாங்கள் அலமாரிக்குப் போனோம்.

பத்து மணிக்கு டத்தோ போன் செய்தார். குரலில் தேன்.

"குணாளா, லெட்டர் கெடச்சிச்சா? மனசுல வச்சிக்காத லா. வீட்டுல மச்சான் ஒரே அழுக, நான் என்னா செய்யிறது. அது கோச் வேலைக்கு மட்டுந்தான். ஒன் ஜெர்சி வேல அப்படியே இருக்கு. நாலு மணிக்கு ட்ரெய்னிங், மூட்டையத் தொவைச்சி எடுத்துக்கிட்டு வந்துரு."

"அது எப்புடிங்க டத்தோ?" என்றேன். "ஹெட் கோச்சத் தூக்கிட்டு அன்னைக்கே அவரத் துணி தொவைக்கக் கூப்புட்டாங்கன்னா நாலு பேரு என்னா சொல்லுவாங்க? கிளப்புக்குத்தான் அசிங்கம்."

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்தது கேட்டது.

"சரி, அத விடு. சனிக்கெழம கோட்டுக்கிட்ட யாரு நிக்கிறது? லைசன்ஸு வேணுமே லா."

ஆக, கையெழுத்துப் போடும்போது அது ஞாபகம் வரவில்லை. நான் புத்தகத்தை எடுத்து எட்டாம் பக்கத்தைப் பிரித்தேன். குடை பிடித்த கை அப்படியேதான் இருந்தது.

"புக்குல பாருங்க டத்தோ" என்றேன். "எல்லாருக்கும் பெரிய பெரிய அனுபவம் போட்டிருக்கே. யாருகிட்டயாச்சும் இருக்கும்."

"வெளையாடாத குணாளா. ஜெர்சியாச்சும் குடு. வேற செட்டு கெடையாது."

"டிரைவர அனுப்புங்க, மூட்டையக் குடுத்துடுறேன். நேத்து வேர்வ, இன்னும் தண்ணியில போடல. நாத்தம் கொஞ்சம் இருக்கும்." போனை வைக்கப் போனவன், மனசு கேட்காமல் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். "ஒங்க மச்சானோட ரெண்டையும் தனியா எடுத்து வச்சிருக்கேன் டத்தோ. அத அப்படியே போட்டுக்கலாம், தொவைக்க வேண்டியதில்ல."