லேத்தின் அடியில் கிடந்த பலகை

கார்காலம் ஓய்ந்து கூதிர்காலம் புகுந்திருந்தது. வானம் பெய்வதுமில்லை, வெளுப்பதுமில்லை. பிழியாத துணிபோல் கூரைகளின்மேல் கிடந்தது. எதையோ வேண்டித் தலைதாழ்த்தி நிற்பனபோல் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. அத்தகைய ஒரு நாளில்தான், லேத் எனும் கடைசல் எந்திரத்திலிருந்து சுருண்டு வந்த இரும்புச் சீவல், பட்டறையின் மூத்த கடைசல்காரரது வலக்கைக் கட்டைவிரலை நரம்புவரை அறுத்தது.

இன்று ஐந்தாம் நாள். தையலிட்ட விரல் மடங்கவில்லை. எந்த மருத்துவரிடம் போவது என்பதை ஐந்து நாளுக்குள் காயம்பட்டவரே கம்பெனிப் படிவத்தில் எழுதித் தரலாம். தராவிட்டால் கம்பெனி மருத்துவரே கதி. அவரோ விரலைத் தொட்டும் பாராமல், திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்றிருந்தார்.

"என் தம்பி சொன்ன டாக்டரம்மா பேரை எழுதுங்களேன்," என்றாள் மனைவி. "அவன் விரலும் இப்படித்தானே கிடந்துச்சு? இப்ப ஊசியில நூல் கோக்கிறான்."

"கோப்பான், கோப்பான். அந்தம்மா என்னை மூணு மாசம் வீட்ல உக்கார வைக்கும். இப்ப என் லேத்துல நிக்கிற உன் தம்பி அங்கேயே நிரந்தரமா நிப்பான். அதான் ஐயாவுக்கு இவ்வளவு கரிசனம்!"

"விரலை விட வயிறுதான் அதிகமா எரியுது போல."

கடைந்த இரும்பின் மயிரிழை மேடுபள்ளத்தையும் அக்கட்டைவிரலால் தடவியே சொல்பவர் அவர்; அது மரத்துப்போனால் அவர் கடைசல்காரரே அல்லர். தெரிந்திருந்தும், செம்பில் ஏறிய களிம்புபோல் அழுக்காறு அறிவை மூடியது. கம்பெனி மருத்துவரின் பெயரை இடக்கையால் எழுதிக்கொண்டு பட்டறைக்கு நடந்தார்.

முழங்கை உளிக்கு நேராக நிற்கும்படி ஒவ்வொரு கடைசல்காரரும் தம் உயரத்திற்கேற்ற பலகையொன்றைக் காலடியில் இட்டிருப்பார். லேத் கைமாறினால் முதலில் மாறுவது அப்பலகைதான். மைத்துனன் அவரைவிட ஒரு சாண் குட்டை. அவன் இட்டிருக்கும் உயரப் பலகையைக் கண்டு மனம் எரியவே அவர் வந்தார் என்றும் சொல்லலாம்.

உயரப் பலகை அங்கே இல்லை. அவருடைய பாதம் இரண்டும் பதிந்து தேய்ந்த பழைய பலகையே கிடந்தது. அதன்மேல் மைத்துனன் நுனிக்காலில் நின்று கடைந்துகொண்டிருந்தான், கெண்டைக்கால் நடுங்கியது. அவரைக் கண்டதும் எந்திரத்தை நிறுத்தினான்.

"உன் பலகை எங்கடா?"

"என் மெஷின்லயே கிடக்கு மாமா. இது உங்க இடமாச்சே. மூணு மாசம் எக்கி நின்னா நான் என்ன தேஞ்சா போவேன்? கொஞ்சம் வளர்ந்தாலும் வளருவேன். அக்காவுக்குச் சந்தோஷமா இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. படிவத்தை லேத்தின்மேல் விரித்து, எழுதியிருந்ததை அடித்தார்.

"உன் டாக்டரம்மா முழுப்பேரைச் சொல்லு. மெதுவா சொல்லு, இடது கை."

அவன் சொல்லச் சொல்ல, கோணல் எழுத்தில் எழுதி முடித்தார். பிறகு மெல்லக் குனிந்து, பலகையில் சிதறிக் கிடந்த இரும்புத்தூளைத் துணியால் துடைத்தார். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாம் மனம் எரிந்ததைப் பொறுக்கும்படி இறைவனை உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

எழுந்து மைத்துனன் தலையில் இடக்கையை வைத்தார்.

"வலது கையால அப்புறம் ஒரு தடவை வாழ்த்துறேன். இப்போதைக்கு இது. ஒரு குறையும் இல்லாம நல்லா இருடா."